ஹார்ட் டிஸ்க் இல்லாத ஆறு பெட்டிகள்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மொத்தமும் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறதோ என்னவோ, கொடியில் போட்ட துணிக்குக் காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், தமிழ் மீடியம் பிள்ளைகளுக்காகப் பழைய கணினி ஆறு போட்டிருந்தோமே, அவற்றின் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. கமிட்டியில் காசில்லை. சரி, டிஸ்க்கே வேண்டாம், நல்ல மெஷின் ஒன்றை சர்வராக்கி, ஆறையும் நெட்வொர்க் வழியாகவே லினக்ஸில் எழுப்பிவிடலாம் என்று இறங்கினேன். இங்கே பள்ளிக்கூடத்திலும் லினக்ஸ்தான், அதனால் பிள்ளைகளுக்குப் புதிதில்லை.

பெட்டியை ஆன் செய்ததும் நெட்வொர்க் கார்டு, "எனக்கு யாராவது ஐபி முகவரி கொடுங்க, எந்த ஃபைலை வச்சு எழும்பணும், அதாவது பூட் ஆகணும்னும் சொல்லுங்க" என்று பொதுவில் கூவும். சர்வரில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற புரோகிராம் அதற்குப் பதில் சொல்லும். டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறை வழியாக லினக்ஸின் மையமான கெர்னலும், அது எழ உதவும் இனிட்ஆர்டி என்ற ஃபைலும் இறங்கும். அப்புறம் சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டரையே, நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் என்எஃப்எஸ் முறை மூலம், தன் ரூட்டாக, அதாவது டிஸ்க்குக்குப் பதிலாக, மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் கதை.

முதல் நாள் இரவு கறுப்புத் திரையில் ஒரே வரி: 'பிஎக்ஸ்இ-இ53: நோ பூட் ஃபைல்நேம் ரிசீவ்ட்'. பூட் ஃபைலின் பெயரே வரவில்லையாம். பதினொன்றரை வரை சர்வரைக் குடைந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. இன்டர்நெட் ரூட்டர் குறுக்கே புகுந்து ஐபி கொடுத்திருக்கிறது. பூட் ஃபைலைப் பற்றி அதற்கென்ன தெரியும்? பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு போடாமல் போனவன் கதைதான். ரூட்டர் பாஸ்வேர்டு கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் இருக்கிறது, அவர் போனே எடுப்பதில்லை. கடைசியில் டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி முறைக்கு மாற்றினேன். ஐபியை ரூட்டரே கொடுக்கட்டும், பூட் விவரத்தை மட்டும் இவன் சொன்னால் போதும். அடுத்த நிமிடமே கெர்னல் இறங்கியது. இனிட்ஆர்டியில் என்எஃப்எஸ் வழியாக எழும் வசதியைச் சேர்க்க மறந்து இன்னொரு இரவு போனது, அதை விடு.

ஆறு பேரும் ஒரே ரூட்டில் எழுதினால் வம்பு. அதனால் அதைப் படிக்க மட்டும் என்று வைத்து, மாற்றங்களை அந்தந்தப் பெட்டியின் ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், விழச் செய்தேன். அணைத்தால் எல்லாம் போய்விடும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு மணி நேரம் தட்டிய கட்டுரை காணாமல் போனது. "பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னா, இவ்வளவு நேரம் எங்க சார் இருந்துச்சு?" என்று கேட்டாள். அன்றைக்கே ஹோம் ஃபோல்டரை மட்டும் சர்வரில் தனியாக, எழுதும்படி வைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு தொல்லை. ஸ்விட்ச் 100 மெகாபிட். சர்வருக்குப் போகும் ஒற்றை வயரில் நொடிக்குச் சுமார் 12 மெகாபைட்தான், ஆறும் ஒன்றாக எழுந்தால் ஆளுக்கு 2. டீ குடித்துவிட்டு வரலாம். உன் ஆபீஸில் கழித்துப்போட்ட கிகாபிட் ஸ்விட்ச் ஏதாவது கிடந்தால் எடுத்து வை. வேலந்தாவளம் வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன்
மணி