சர் பனியாஸ் தீவில் வண்டி ஓட்டிய அண்ணனுக்கு நன்றி

அபுதாபி ஜெபல் தன்னாவிலிருந்து படகேறி சர் பனியாஸ் போனவர்களுக்கு வழிகாட்டிய ஓட்டுநர் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் தெரியாது, சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது.

விடிந்ததும் கிளம்பச் சொன்னது அவர்தான். வெயில் ஏறினால் அரேபிய ஓரிக்ஸ் என்ற நீண்ட கொம்புள்ள பாலைவன மான் நிழலில் மண்ணைப் பறித்துப் படுத்துவிடும், தேடினாலும் அகப்படாது. 1972-இல் காட்டில் அற்றுப்போன விலங்கு, இங்கே கூட்டமாக மேய்கிறது! ஐக்கிய அரபு அமீரகத்தை நிறுவிய ஷேக் சாயித் இந்தத் தீவில் விலங்குகளைக் காத்து வளர்த்த பலன் அது.

மான்கள் தெரிந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவார். வண்டிக்குள் யாரும் எழக்கூடாது. உட்கார்ந்திருக்கும்வரை வண்டியோடு ஒன்றாகத் தெரிவோம். எழுந்தால் தனி உருவமாகி மிரட்டிவிடுவோம்.

கேமராவை ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால், வளைகுடாக் காற்றின் ஈரம் லென்ஸில் படிந்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்பே வெளியில் வைக்க வேண்டும். இதை முந்தைய இரவே சொல்லிவைத்தாரே, அதற்குத் தனி நன்றி.

1992-இல் கண்டறியப்பட்ட கிறிஸ்தவ மடாலயத்தில்தான் அவர் அதிக நேரம் ஒதுக்கினார். இஸ்லாம் பரவிய பிறகும் துறவிகள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். இடுப்பளவு சுவர்கள்தான் மிச்சம், அவசரப்பட்டால் வெறும் கல்லாகத் தெரியும். தேவாலயம் எது, அறைகள் எவை என்று நிதானமாகக் காட்டினார். சுவரில் கை வைக்க விடவில்லை. உப்பேறிய பழஞ்சாந்து தொட்டாலே உதிரும்.

நல்லா இருங்க அண்ணா.