இடது காதும் வான்கோழியும்

மாப்ள,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றேன், மே வந்துவிட்டது. திட்டி முடித்துவிட்டுப் படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் வேலை மாறிவிட்டான், சின்னவள் இன்னும் ‘யோசிக்கிறாள்’. டிரில் மாஸ்டர் போய்ச் சேர்ந்ததை குரூப்பில் பார்த்தேன். அந்த விசில் இப்போது யாரிடம்?

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேட்டைக்குப் போனேன். சிரிக்காதே. துப்பாக்கியை நான் தொடவில்லை, என் காதுக்காகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் இந்த மிசௌரி மாநிலத்து ஓசார்க் மலைக்காட்டில் பையனாக இருந்த நாளிலிருந்து, வசந்தம் வந்தால் வான்கோழிதான் அவருக்கு. ஒரு காலத்தில் இங்கே அந்தப் பறவையே அற்றுப்போகிற நிலை. 1960இல் வேட்டையை மறுபடி திறந்துவிட்டபோது மொத்தமே 94தான் கிடைத்ததாம். அப்புறம் பிடித்துக் காடு காடாகக் கொண்டுபோய் விட்டுப் பெருக்கினார்கள். இந்தக் கதையை அவர் சொல்லாத நாள் கிடையாது.

வசந்தத்தில் சேவலையோ, மார்பில் தாடி மயிர் தொங்கும் பறவையையோ மட்டும்தான் சுடலாம். விடியுமுன் ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். அவரிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. மூடியை விளிம்பில் உரசினால் அசல் பெட்டைக் குரல் வரும். எங்கிருந்தோ சேவல் உருட்டி உருட்டிப் பதில் கொடுக்கும். ஷாட்கன் என்கிற சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கு நாற்பது கெஜம்தான் எல்லை. அதனால் முழு வித்தையும், அந்தக் குரல் எத்தனை கெஜத்தில் இருக்கிறது என்பதில்தான்.

சத்தமாகக் கேட்டால் பக்கம் என்றுதானே நினைப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். காற்றில்லாத விடியலில், இலை துளிர்க்காத ஓக் காட்டில், மேட்டு மரத்திலிருந்து கத்தினால் ஒரு மைல் கூடக் கேட்கிறது. அதே சேவல் கீழே குதித்ததும் குரல் அமுங்கிவிடும். போய்விட்டது என்று எழுந்தால் போச்சு, அது உன்னை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கும். முகத்தைத் திருப்பிக் கத்தினாலும் தூரம் மாதிரி இருக்கும். பெரியவர் கவனிப்பது சத்தத்தின் அளவை அல்ல, கரகரப்பை. தூரம் கூடக் கூட உச்ச ஒலிகள் முதலில் உதிர்ந்து குரல் வழவழப்பாகிவிடும். உருட்டலில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்டால் கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

சேவல் இதில் நமக்கு அப்பன். பெட்டைக் குரல் எந்த மரத்தடியில் இருந்து வந்ததோ, அங்கேயே வந்து நிற்கும். பெட்டையைக் கண்ணால் பார்க்கவேண்டிய இடம் வந்தும் காணோம் என்றால், நகராது. அப்போது பெரியவர் தலையைப் பின்பக்கம் திருப்பி, பெட்டியை மடியில் மறைத்து, மெதுவாக உரசுவார், பெட்டை கோபித்துக்கொண்டு போகிறதாம்! அது வந்தது, மாப்ள. நாம் பள்ளியில் மயிலோடு சேர்த்துக் கேலி செய்தோமே அதே ஜென்மம்தான். தோகையை விரித்து, வெயில் பட்டுச் செம்புக் குடம் மாதிரி மின்னியது. சுட மனம் வருமா என்று நான் யோசித்தேன், அவர் யோசிக்கவில்லை.

சரி, என் காது எதற்கு? வலக்கைக்காரர் துப்பாக்கியைத் தோளில் வைத்தால் குழல் வாய்க்கு இடது காதுதான் கிட்டே. வலது காதைத் தலை மறைத்துக்கொள்ளும். அத்தனை வருஷ வெடிச் சத்தத்தில் அவருக்கு இடது காது போய்விட்டது. இரண்டு காதுக்கும் ஒலி வந்துசேரும் வித்தியாசத்தில்தானே திசை தெரியும்? உச்ச ஒலிகளும் போனதால் பக்கத்தில் கத்துகிற பறவை அவருக்குத் தூரமாகக் கேட்கிறது. காதுக் கருவி வாங்கி மாட்டினார். அது சன்னமான ஒலியை அதிகமாகவும் பெரிய ஒலியைக் குறைவாகவும் தூக்கிக் கொடுக்கிறது. இப்போது எல்லாமே பக்கத்தில்! அன்றைக்கு அதைக் கழற்றிவிட்டுக் கேட்டு ‘இருநூறு கெஜம்’ என்றார், நான் ‘எண்பது’ என்றேன். என் பேச்சை நம்பி அசையாமல் இருந்தார். இதில் விளையாட்டில்லை. புதருக்குள் கேட்கிற பெட்டைக் குரல் இன்னொரு வேட்டைக்காரர் பெட்டியாகவும் இருக்கலாம்.

இப்போது உன் விஷயம். போன மாசம் போனில் ‘அப்பா எப்படி இருக்கிறார்’ என்றேன். ‘நல்ல மழை’ என்றாய். மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஆமா, ஆமா’. தங்கச்சி சொல்கிறது, உங்கள் வீட்டு டிவி தெரு முழுக்கச் செய்தி வாசிக்கிறதாம். மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் பக்கத்தில் அத்தனை வருஷம் காதில் பஞ்சுகூட வைக்காமல் நின்றவன் நீ. ‘வயசுடா’ என்று தள்ளாதே. செத்த நரம்பு திரும்ப வராது, மிச்சத்தையாவது பார்க்கவேண்டாமா? நீ இன்னும் பைபாஸில் மொபெட் ஓட்டுகிறாய். பின்னால் ஹாரன் அடிக்கிற லாரி எத்தனை அடியில் வருகிறது என்று உனக்குத் தெரிகிறதா? நிஜமாகக் கேட்கிறேன்.

கோயம்புத்தூரில் மகன் இருக்கிறானே, அவனோடு போய், காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராம் எடு. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. முடியாது என்று சொல்வதானால் போன் பண்ணாதே, எழுது.

உன்
ஒல்லி