ஒதுக்கீட்டு ஆணையோடு மாதச் செலவுக் கணக்கும் வேண்டும்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பொறியாளர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய தங்கள் வாரியம், ஓலைக் குடிசையிலும் தகரக் கொட்டகையிலும் வாழ்ந்த குடும்பங்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கான்கிரீட் வீடு தந்து வருகிறது. அவற்றின் கட்டுமானத் தரம் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் பூச்சு உதிர்ந்ததும், அதை ஐ.ஐ.டி. குழு ஆய்வு செய்ததும் ஊரறிந்தவை. நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. வீடு கிடைத்த பிறகு அதில் வாழ மாதந்தோறும் எவ்வளவு ஆகும் என்பது, வரைபடம் முடிவாகும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களுக்கு மழைக்கு முன் கூரையைச் சரிசெய்யும் செலவு உண்டு. பொதுச் செலவு என்ற ஒன்று கிடையாது. அவர்கள் சென்னையின் தென்விளிம்பில் உள்ள பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குத் தொகுதிகளில் குடியேறியதும் லிஃப்ட், தண்ணீர் ஏற்றும் மோட்டார், படிக்கட்டு விளக்கு, சம்ப் சுத்தம் என்று அந்தச் செலவு தொடங்கிவிடுகிறது. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். லிஃப்டும் மோட்டாரும் ஓடும் பொது மீட்டருக்கு அந்தச் சலுகை இல்லை. பத்து வீட்டார் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் நின்றால் லிஃப்ட் பழுதுபார்ப்பு தள்ளிப்போகும். அப்போது ஆறாவது மாடிக்கு கேஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றிச் செல்பவருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். மலிவாகக் கட்டிய வீடு இப்படித்தான் குடியிருப்பவருக்கு விலை கூடிய வீடாகிறது. பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கங்களிடமே ஒப்படைக்கும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் நல்ல முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால், பொறுப்பை ஒப்படைக்கும்போதே அதன் விலையையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

தரைத்தளமும் மூன்று மாடியும் என்றால் லிஃப்ட் இல்லாமலே சமாளிக்கலாம். வாரியத்தின் பழைய குடியிருப்புகள் பலவும் அப்படித்தான் நின்றன. நகரின் நடுவே, இருந்த இடத்திலேயே மறுகட்டுமானம் செய்யும்போது உயரம் தவிர்க்க முடியாததாக இருக்கலாம், அதை ஏற்கிறேன். மையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய், அங்கேயும் எட்டு அடுக்காக அடுக்குவதற்கான காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. (2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்து இத்தனை வீடுகளை எழுப்பிவிட்டு நீடித்த வளர்ச்சி பற்றிப் பேசுவது எளிதல்ல, அது தனி மடலுக்குரிய செய்தி.)

மின்செலவின் இன்னொரு பாதி சுவரிலும் சன்னலிலும் இருக்கிறது. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், திறந்து வைக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது வீடுகளுக்கான ஒன்றிய அரசின் ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான 2018-இன் ஈகோ நிவாஸ் சம்ஹிதா. 30 சதுர மீட்டர் வீட்டுக்கு அது 5 சதுர மீட்டர். நடுவே நடைபாதை, இருபுறமும் வீடு என்று வரைந்தால் காற்று ஒரு பக்கம் மட்டுமே வரும். எதிர்ப்பக்கத்தில் இருப்பது வாசல் கதவு, அதை இரவில் சாத்தித்தான் ஆக வேண்டும். கதவுக்கு மேல் ஒரு வென்டிலேட்டர், இரும்புக் கிராதியுடன் ஒரு வெளிக்கதவு, மேற்குச் சன்னலுக்கு அகலமான சன்ஷேடு, மொட்டைமாடியில் வெள்ளைத் தட்டோடு ஆகியவை புதுமையும் அல்ல, பெருஞ்செலவும் அல்ல. 2022-இல் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை முன்வார்ப்புக் கான்கிரீட்டில் விரைவாகக் கட்டிக் காட்டியதைப் பாராட்டுகிறேன். ஆனால் பிற்பகலெல்லாம் மேற்கு வெயில் குடித்த கான்கிரீட் சுவர் இரவில் அந்தச் சூட்டை வீட்டுக்குள்தான் விடும், மின்விசிறி விடியும்வரை ஓடும்.

மொட்டைமாடிச் சூரியத் தகடுகளைப் பொது மீட்டருடன் இணைப்பதற்கு, குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் தருகிறது ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டம். தகடு வைக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர்த் தொட்டிகள் அடைத்துக்கொண்ட பிறகு இதைப் பேசிப் பயனில்லை.

வருமானமும் இதே கணக்கில்தான் வருகிறது. வாசலில் இட்லிக் கடை போட்டவரும், இஸ்திரி வண்டி வைத்திருந்தவரும் ஐந்தாவது மாடிக்குப் போனால் பிழைப்பு கீழேயே நின்றுவிடும். தரைத்தளத்தின் ஒரு பகுதியை வண்டிகள் நிறுத்தவும் சிறு கடைகளுக்கும் ஒதுக்கினால், பராமரிப்புக் கட்டணம் கட்டக் கையில் காசு இருக்கும்.

ஆகவே என் கோரிக்கை இது: அடுத்த திட்டத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், மூன்று மாடி வடிவம், எட்டு அடுக்கு வடிவம் இரண்டுக்கும் ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு பொதுச் செலவு ஆகும் என்று ஒரே தாளில் அச்சிடுங்கள். குடியேறப்போகும் குடும்பங்களை ஒரு மாதிரி வீட்டுக்குள் அழைத்துச் சென்று, வரைபடத்தைத் திருத்த இன்னும் காலம் இருக்கும்போதே அந்தத் தாளை அவர்கள் கையில் கொடுங்கள். பிறகு வழங்கும் ஒதுக்கீட்டு ஆணையோடும் அதையே இணையுங்கள்.

இப்படிக்கு,
கட்டடத் துறையில் பணிபுரியும் ஒரு சென்னைவாசி