ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு உளவியல் பட்டறை

வணக்கங்க. பயிற்சியாளர்கள், பி.டி. மாஸ்டர்களுக்கான பட்டறை இந்த ஞாயிறு காலை 9.30க்கு, கோவையில் நாம் வழக்கமாகக் கூடும் அரங்கில். ஈரோடு, நாமக்கல் ஆட்கள் நேரத்திலேயே பஸ் ஏறிவிடுங்க.

காலையில் ஆய்வுப் பக்கம். சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் போட்டிக்கு ஆள் இருந்தால் வேகமாக ஓட்டுகிறார்கள் என்று 1898இல் அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் எழுதினார். அங்கே தொடங்கி, நம் பிள்ளைகளிடம் தகவல் சேகரிப்பது, பெற்றோர் ஒப்புதல் வாங்குவது வரை பேசுவோம்.

மதியம்தான் எனக்குப் பிடித்த பகுதி. கபடியில் ரெய்டுக்குப் போகும் பையன் கோட்டைத் தாண்டுவதற்கு முன் என்ன செய்கிறான்? மூச்சை நிதானமாக விட்டு, ஒரே சொல்லை மனதுக்குள் சொல்லி, அப்புறம் காலை எடுத்துவைப்பதை மைதானத்திலேயே செய்து பார்க்கப்போகிறோம். இதெல்லாம் பெரிய ஆட்டக்காரர்களுக்குத்தான் என்பவர்கள் கட்டாயம் வாங்க.

தூக்கம் வராமல், சோறு இறங்காமல் தவிக்கும் பிள்ளைக்கு நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது. எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்பதும் உண்டு.

ஷூ போட்டு வாங்க. வருபவர்கள் வெள்ளிக்குள் இங்கே பெயரைப் போடுங்க, சமையலுக்கு இலைக் கணக்கு சொல்லணும்.