அண்ணாந்து பார்க்கிறவர்களுக்காக ஒரு மடல்

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரச் செம்பனை (எண்ணெய்ப் பனை)த் தோட்ட நிர்வாகிகளுக்கும் மண்டோர்களுக்கும் (மேற்பார்வையாளர்களுக்கும்),

வணக்கம். குலை வெட்டும்போது யாருக்காவது அடிபட்டால், அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். என் அண்ணன் தோளில் மட்டை விழுந்தபோதும் அப்படித்தான் எழுதினார்கள். இனி அப்படி எழுதும் முன், அடிபட்டவர் எப்படி நின்றார், எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று தயவுசெய்து கேளுங்கள்.

முற்றிய மரம் பத்து மீட்டரைத் தாண்டி நிற்கும். கழுத்தைப் பின்னால் மடக்கி அண்ணாந்து, நீளக் கோலின் நுனியிலிருக்கும் அரிவாளை முதலில் குலையைத் தாங்கும் மட்டையில் மாட்டி இழுக்க வேண்டும். அப்புறம்தான் காம்பு. கண்ணுக்கு எதிரே வானமும் ஆடுகிற ஓலையும் மட்டுமே. மட்டை அறுபடும் நொடியில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் விலகுவது என்று உடம்புதான் கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கு கண்ணை மட்டும் நம்பியதல்ல. உள்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள், கழுத்துத் தசை, பாதம் எல்லாம் சேர்ந்துதான் மேல் எது, கீழ் எது என்று சொல்கின்றன. தலை பின்னால் சாய்ந்தால் உள்காது பழகிய நிலையை இழக்கிறது. பார்வைக்குக் கிட்டத்தில் பிடிமானமும் இல்லாததால், உடம்பு தள்ளாடுவது சட்டென்று தெரிவதில்லை.

ஜெர்மனியின் உடலியல் ஆய்வாளர் ஹெர்மன் ஆபர்ட் 1861-லேயே இதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டார். இருட்டில் தலையை நன்றாகத் தோள்பக்கம் சாய்த்துப் பார்த்தால், செங்குத்தான ஒளிக்கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். 2006-ல் ஜப்பானின் ஆய்வாளர்கள் ஹிகாஷியாமாவும் அடாச்சியும், குனிந்து கால்களுக்கு இடையே பார்க்கும்போது தூரம் சுருங்கித் தெரிவதைக் காட்டினார்கள். காட்சி தலைகீழாவதைவிட உடம்பு குனிவதுதான் அதற்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. இவர்கள் யாரும் தோட்டத்தில் சோதிக்கவில்லை, சரி. ஆனால் நிற்கிற நிலை மாறினால் இடத்தைப் பற்றிய கணிப்பும் மாறும் என்பதில் சந்தேகமில்லை. நம் ஊர்ச் சாய்ந்த கோபுரத்தின் அடியில் நின்று சற்று நேரம் உச்சியையே அண்ணாந்து பாருங்கள், உங்களுக்கே விளங்கும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. மரத்தடிக்குப் போகும் முன், கழுத்து மடங்காத தூரத்தில் நின்று குலையையும் மட்டை விழும் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளப் பழக்குங்கள். ஒவ்வொரு மரத்துக்குப் பிறகும் தலையைத் தாழ்த்தி, நேராகப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். டன் கணக்கைக் காட்டி அந்தச் சில நொடிகளைப் பறிக்காதீர்கள். காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்கள் கூடும்போது) இதைச் சொல்லிக் கொடுங்கள். இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் புரியும்படி மலாயிலும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குலை வெட்டும் ஒருவரின் தங்கை