முதுகெலும்பு மருத்துவர்களே, அந்தக் கேள்வியைக் கேளுங்கள்

முதுகெலும்புப் பிரிவு மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் வணக்கம்.

புருசெல்லோசிஸ் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்; அதன் கிருமியை 1887-இல் டேவிட் புரூஸ் மால்டாவில் கண்டறிந்தார். என் அப்பாவின் கீழ்முதுகில் அது இருப்பது தெரியவர 7 மாதம் ஆனது.

அந்த 7 மாதமும் ராத்திரி புரண்டு படுக்கவே அவருக்கு ஆள் வேண்டும். கட்டில் சட்டத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்வார். நான் இடுப்புக்குக் கீழே கைகொடுத்துத் திருப்புவேன். கை வைத்த இடமெல்லாம் வியர்வை. விடிவதற்குள் இரண்டு சட்டை மாற்றியாக வேண்டும். காய்ச்சல் நாலு நாள் அடிக்கும், விடும், மறுபடி வரும்.

எம்.ஆர்.ஐ. பார்த்துக் காசநோய் என்றீர்கள். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், அதைக் குறை சொல்லவில்லை. காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் இந்தக் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதனால் முதலில் வலி குறைந்தது. அப்புறம் வலி திரும்பியபோது, "மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா?" என்று அவரைத்தான் கேட்டீர்கள். ஒரு வேளைகூடத் தவறவிடாத மனிதர் அவர். அன்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கேட்டிருக்க வேண்டியது வேறு. ஆடு மாடு வளர்க்கிறீர்களா? ஈனும்போது நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தீர்களா? பாலைக் காய்ச்சாமல் குடிப்பீர்களா? வேறொரு மருத்துவர் இதைக் கேட்டார். ரோஸ் பெங்கால் ரத்தப் பரிசோதனை செய்தார், அதை உறுதிசெய்ய இன்னொரு பரிசோதனையும் செய்தார். 3 மாதம் டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும், ஆரம்பத்தில் ஜென்டாமைசின் ஊசியும் கொடுத்தார். இப்போது அப்பா தானாகவே புரண்டு படுக்கிறார்.

நோய் வருவதற்குமுன் எங்கள் ஆடுகள் சில அடுத்தடுத்துச் சினை கலைந்தன. அதுவும் இந்தக் கிருமியின் அறிகுறியாக இருக்கலாம். ஆட்டைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஆளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆளைப் பார்த்தவர் ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு துறையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததற்கு நாங்கள் ஏன் முதுகைக் கொடுக்க வேண்டும்?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது இதுதான்: முதுகுவலியோடு விட்டுவிட்டுக் காய்ச்சலும் இருந்தால், காசநோய் மருந்தைத் தொடங்கும் முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள், ரத்தத்தைப் பாருங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பும்போது உங்கள் சந்தேகத்தைச் சீட்டில் எழுதிவிடுங்கள். அது மெதுவாக வளரும் கிருமி, ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கும் தொற்றக்கூடியது. புறநோயாளிச் சீட்டிலேயே "கால்நடைத் தொடர்பு உண்டா?" என்று ஒரு வரி அச்சிட்டுத் தருமாறு நிர்வாகத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.