சினை நாயின் புண்ணுக்கு மெடிக்கல் ஷாப் களிம்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்தில் பொமரேனியன், ஷிட்சு போன்ற அடர்முடிச் சிறுநாய்களுக்கு முடிக்கடியில் ஈரம் தங்கி, ஓர் இரவிலேயே உள்ளங்கை அளவு ஈரப்புண் வந்துவிடும். பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியோ உண்ணியோ கடித்த இடத்தை நாயே நக்கிக் கடித்துப் பெரிதாக்கியிருக்கும். அது சினையாக இருக்கக்கூடிய பெட்டை என்றால், நாம் தடவும் மருந்து குட்டிகளையும் பாதிக்கும்.

வயிற்றையும் காம்பையும் மட்டும் பார்த்துச் சினையை உறுதி செய்ய முடியாது. ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து ஆறு முதல் ஒன்பது வாரத்தில், இணை சேராத நாய்க்குக்கூட மடி வீங்கிப் பால் சுரப்பதுண்டு. பெண்களுக்கான சிறுநீர்ச் சோதனை அட்டையும் உதவாது. அது கண்டறியும் ஹார்மோன் நாய்க்குச் சுரப்பதில்லை. இணை சேர்ந்து 28 நாள் ஆனபின் ஸ்கேன் எடுக்கலாம். சினைக்காலம் சுமார் 63 நாள்தான். ஸ்கேன் முடிவு தெரியும்வரை சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மிகவும் அஞ்சுவது, படர்தாமரைக்கென்று கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளைத்தான். பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கும். இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என 2018-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தும் விற்பனை நிற்கவில்லை. தடவியதை நாய் நக்கி விழுங்கும். நான்கு கிலோ உடம்புக்கு அது சிறிய அளவல்ல. கரு கலையலாம், குட்டி அண்ணப்பிளவோடு (மேல்வாய் பிளந்து) பிறக்கலாம். படர்தாமரைக்கான கிரைசியோஃபல்வின் மாத்திரையும் குட்டிகளை ஊனமாக்கும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் குட்டிகளின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். வலிக்கென்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், பாராசிட்டமால் எதுவும் கொடுக்காதீர்கள். வேப்பெண்ணெய், கற்பூரம், மண்ணெண்ணெய், பினாயிலும் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது இதுதான். புண்ணைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் வரை முடியை டிரிம்மரால் நீக்குங்கள். முடி இருக்கும்வரை சீழ் காயாது, எந்த மருந்தும் உள்ளே போகாது. கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கழுவுங்கள். பிறகு 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினிக் கரைசல் 5 மில்லியை 200 மில்லி நீரில் கலந்து துடைக்கலாம். அதில் நுரைக்கும் வகையும், செட்ரிமைடு என்ற வேதிப்பொருள் கலந்ததும் திறந்த புண்ணுக்கு ஆகாது. பொவிடோன் அயோடினைத் திரும்பத் திரும்பப் போட்டால் அயோடின் உடலுக்குள் இறங்கிக் கருவின் தைராய்டைப் பாதிக்கக்கூடும். பஞ்சின் இழை புண்ணில் ஒட்டும் என்பதால் காஸ் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். தினம் இரண்டு வேளை போதும். கட்டுப் போட்டால் ஈரம் தங்கி மறுபடி அழுகும். உண்ணிகளை இடுக்கியால் பிடித்து எடுங்கள். உண்ணி கொல்லும் அமிட்ராஸ் மருந்துக் குளியல் கூடாது.

இரண்டு நாளில் புண் காயவில்லை, புழு வைத்திருக்கிறது, வட்டமாகப் பரவுகிறது, நாய் தின்ன மறுக்கிறது என்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இணை சேர்ந்த தேதியை முதலில் சொல்லுங்கள். செஃபாலெக்சின் என்ற ஆன்டிபயாட்டிக் போலச் சினையில் கொடுக்கத்தக்க மருந்துகள் உண்டு.

நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்புக் காலர் மாட்டலாம். பிரசவ வலி தொடங்கியதும் அதைக் கழற்றிவிட வேண்டும்; பனிக்குடப் பையைக் கிழிக்கவும் தொப்புள்கொடியைக் கடிக்கவும் தாய்க்கு வாய் வேண்டும். காம்பருகே மருந்து போட்டிருந்தால், குட்டி வாய் வைக்குமுன் உப்பு நீரால் துடைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள், மதுரை